கிராம்ப்ளிங் எட்டி ராபின்சன்: 408 வெற்றி சரி, அதற்கு மேல் என்ன?

ரஸ்டன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். லூசியானா டெக்கில் எம்.எஸ். படிக்க வந்து ரஸ்டனில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்து கொஞ்சம் மேற்கே போனால் கிராம்ப்ளிங் என்று ஒரு குட்டி ஊர். ஊரே கிராம்ப்ளிங் ஸ்டேட் யூனிவர்சிட்டியை நம்பித்தான் இருக்கிறது, கறுப்பின மாணவர்களுக்காக ஆரம்பித்த கல்லூரி. அங்கே ஸ்டேடியத்துக்கு எட்டி ராபின்சன் என்று பெயர், கேம்பஸுக்குள் அவருக்கென்று தனி மியூசியம் வேறு. எங்கள் டிபார்ட்மென்ட் ஆபீசில் இருக்கும் ஒரு அம்மா 'கோச் ராப்' என்று ஆரம்பித்தால் நான் கொண்டுபோன பாரத்தை அப்படியே ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவார், கையெழுத்து வாங்க அரை மணி நேரம் ஆகும்.

நானும் தேடிப் பார்த்தேன். 1941லிருந்து 1997 வரை ஒரே கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் கோச், 408 வெற்றி, 165 தோல்வி, 15 டிரா. எண் பெரிசுதான். ஆனால் எண்ணை வைத்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரில் ஆடியவை எல்லாம் சின்னக் கல்லூரிகள்தானே? அலபாமா, எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) மாதிரி பெரிய டீம்களோடு மோதாமல் எடுத்த வெற்றிக்கு இவ்வளவு மரியாதையா, இல்லை நான் பார்க்காத ஏதோ ஒன்று இதில் இருக்கிறதா? இந்த முட்டை வடிவப் பந்து ஆட்டத்தின் விதிகளே எனக்கு இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

மன்ரோ மணி:

தம்பி, நல்ல கேள்வி. நான் உங்கள் ஊருக்குக் கிழக்கே மன்ரோவில் ரொம்ப காலமாக இருக்கிறேன். இந்தப் பக்கத்தில் வயசான கறுப்பினத்தவர் யாரிடம் பேசினாலும் ரெண்டாவது பேச்சில் இவர் வந்துவிடுவார். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1919ல் லூசியானாவில் ஜாக்சன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா அடுத்தவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்கு உழுத விவசாயி, அம்மா வீட்டு வேலை பார்த்தவர். பேட்டன் ரூஜில் வளர்ந்தார். லேலண்ட் என்ற சின்ன கறுப்பினக் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆடினார். அங்கே கோச்சாக இருந்தவர் ரூபன் டர்னர் என்ற பாப்டிஸ்ட் போதகர், அவர்தான் இவரைக் கோச்சிங் வகுப்புகளுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆட்டத்தைக் காகிதத்தில் வரைந்து யோசிக்கப் பழக்கியவர். டிகிரி முடித்ததும் என்ன வேலை கிடைத்தது என்கிறீர்கள்? பேட்டன் ரூஜில் ஒரு தீவன மில்லில் மணிக்கு 25 சென்ட் கூலி. 1941ல் கல்யாணமும் ஆகிவிட்டது. அப்போதுதான் மனைவி டோரிஸின் உறவுக்கார அம்மா ஒருவர் வழியாக, வடக்கே ஒரு கல்லூரிக்கு ஃபுட்பால் கோச் தேடுகிறார்கள் என்று காதில் விழுகிறது. கல்லூரியின் அன்றைய பெயர் லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட். தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ், அவரே பேஸ்பால் கோச்சும்கூட! ராபின்சனுக்கு வயசு 22. சம்பளம் மாசம் 63 டாலர் 75 சென்ட்.

கோச் என்றதும் விசிலை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்கும் ஆளை நினைக்காதீர்கள். உதவிக்கு ஆள் கிடையாது. மைதானத்தில் புல் வெட்டுவது, கோடு போடுவது, பையன்களின் கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்புவது எல்லாம் இவர்தான். பேஸ்கட்பாலுக்கும் இவரே கோச். வெளியூர் போனால் இன்னொரு வேலை சேரும்: சாண்ட்விச் கட்டுவது. தெற்கில் அப்போது கறுப்பினத்தவரை உள்ளே உட்காரவைத்துச் சோறு போடும் ஓட்டல் வழியில் கிடையாது. முப்பது பேர் பசியோடு ஆடவும் முடியாது. ஆகவே கிளம்புவதற்கு முன்னால் ரொட்டி, இறைச்சி எல்லாம் வாங்கி, கட்டி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். கழிப்பறைக்கு நிறுத்துவதற்குக்கூட எந்த பெட்ரோல் பங்க்கில் விடுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதல் வருஷம் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த வருஷம், 1942ல், 9 ஆட்டம், 9 வெற்றி. இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த 9 ஆட்டத்திலும் எதிரணி ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. பூஜ்யம்! அந்தக் கல்லூரியில் அப்போது படித்த ஆண்களே மொத்தம் 67 பேர், அதில் 33 பேர் டீமில். பாதிக் கல்லூரி களத்தில் நின்றது. அப்புறம் உலகப் போரில் ஆள் இல்லாமல் ரெண்டு வருஷம் டீமே கிடையாது, அந்த இடைவெளியில் உள்ளூர் ஹைஸ்கூல் பையன்களுக்குக் கோச்சாக இருந்தார்.

அவரைப் பற்றி இங்கே எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. டீமில் இருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரை அப்பா பருத்தி எடுக்க வரச் சொல்லி நிறுத்திவிட்டார். அறுப்பு முடியும் வரைக்கும் ஆட்டமெல்லாம் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ராபின்சன் சண்டை போடவில்லை. மொத்த டீமையும் ஏற்றிக்கொண்டு அந்த வயலுக்கே போய் இறங்கி எல்லோருமாகப் பருத்தி எடுத்து முடித்துக் கொடுத்துவிட்டு, பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அப்பாவுக்கும் வேலை ஆச்சு, இவருக்கும் ஆள் ஆச்சு.

போருக்குப் பிறகு வந்த பையன்தான் பால் யங்கர், 'டேங்க்' என்று கூப்பிடுவார்கள். 1949ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரை எடுத்தது. கறுப்பினக் கல்லூரியிலிருந்து என்எஃப்எல்லுக்கு (தொழில்முறை ஃபுட்பால் லீக்) போன முதல் ஆள் அவர்தான். வழியனுப்பும்போது ராபின்சன் சொன்னதன் சாரம்: நீ அங்கே தோற்றால் 'இருக்கிறதிலேயே நல்ல ஆளைப் பார்த்தாயிற்று, அவனே தேறவில்லை' என்று சொல்லி நம் கல்லூரிகளின் கதவைச் சாத்திவிடுவார்கள். 21 வயசுப் பையன் தலையில் இவ்வளவு பாரம் வைக்கலாமா என்று எனக்குத் தோன்றும். ஆனால் யங்கர் பத்து சீசன் ஆடினார். அவருக்குப் பின்னால் கிராம்ப்ளிங்கிலிருந்து இருநூறுக்கும் மேல் போயிருக்கிறார்கள்.

ஸ்கோர்போர்டு சிவா:

மணி அண்ணன் சொன்ன கதை எல்லாம் உருக்கமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் நேரடியாக ஒன்று கேட்டார், அதற்குப் பதில் வரவில்லை. எதிரணி யார்?

1985 அக்டோபர் 5ல் டல்லஸ் காட்டன் பவுல் ஸ்டேடியத்தில் 27-7 என்று ஜெயித்து 324வது வெற்றியை எடுத்தார், அலபாமா கோச் 'பேர்' (கரடி) பிரையன்ட் வைத்திருந்த 323ஐத் தாண்டினார், நாடு முழுக்கப் பேச்சானது. ஜெயித்தது யாரை? பிரெய்ரி வியூவை. சில வருஷத்தில் அந்த டீம் தொடர்ச்சியாக 80 ஆட்டம் தோற்று, தோல்வியில் சாதனை படைத்தது. அது கிராம்ப்ளிங்கோடு ஒரே கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) இருந்த டீம். 400வது வெற்றி 1995ல் மிசிசிப்பி வேலி ஸ்டேட்டுக்கு எதிராக, 42-6. பிரையன்ட் தன் 323ஐ எடுத்தது யாரிடமிருந்து என்றும் பாருங்கள். ரஞ்சி ரன்னையும் டெஸ்ட் ரன்னையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டுவது மாதிரிதான் இது.

சரி, எண்ணையே எடுத்துக்கொண்டாலும் இப்போது அவர் முதலிடத்தில் இல்லை. சின்னக் கல்லூரிகள் ஆடும் டிவிஷன் 3ல் மினசோட்டா செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் ஜான் கக்லியார்டி 489. பென் ஸ்டேட்டின் ஜோ பட்டர்னோ 409. பட்டர்னோவின் வெற்றிகளில் 111ஐ 2012ல், முன்னாள் உதவிக் கோச் சிறுவர்களைச் சீரழித்த அந்த அசிங்கமான வழக்குக்குப் பிறகு நீக்கினார்கள், ராபின்சன் மறுபடி டிவிஷன் 1ல் மேலே வந்தார், 2015ல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பழையபடி ஒரே ஒரு ஆட்டத்தில் கீழே. எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவரைக் கொண்டாடினால் இப்படித்தான் ஆகும்.

மன்ரோ மணி:

சிவா, எதிரணி யார் என்று கேட்கிறீர்கள். அதை யார் தீர்மானித்தது என்று கேட்க மாட்டேன் என்கிறீர்களே. அலபாமா ஸ்காலர்ஷிப் கொடுத்து முதல் கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்த்தது 1970ல். ராபின்சன் வளர்ந்த பேட்டன் ரூஜிலேயே இருக்கும் எல்எஸ்யூ டீமில் 1970களின் தொடக்கம் வரைக்கும் ஒரு கறுப்பினப் பையன் கிடையாது. ராபின்சன் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் கழித்து! கிராம்ப்ளிங்கோடு ஆட அவர்கள் மறுத்தார்கள், இவர் ஓடி ஒளியவில்லை.

அதோடு, பிரையன்ட்டும் பாதி வாழ்க்கை வெள்ளைக்காரப் பையன்களை மட்டும் வைத்து, வெள்ளைக்காரப் பையன்கள் மட்டும் இருந்த டீம்களைத்தானே ஜெயித்தார். அந்த வெற்றிகளை யாராவது ஒருபடி குறைத்து எண்ணுகிறார்களா?

கிராம்ப்ளிங்கின் 1960ம் வருஷத்து டீமை எடுத்துக்கொள்ளுங்கள். எர்னி லாட் என்று ஆறடி ஒன்பது அங்குலம், பிற்பாடு மல்யுத்த மேடையிலும் பேர் வாங்கிய ராட்சசன். பக்கத்தில் பக் புக்கானன். இந்தப் புக்கானன் 1963ல் வெளியே வந்தபோது நடந்ததுதான் எனக்குப் பிடித்த சமாசாரம். அப்போது என்எஃப்எல், ஏஎஃப்எல் என்று ரெண்டு போட்டி லீக். ஏஎஃப்எல் டிராஃப்டில் (டீம்கள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) மொத்தத்தில் முதல் ஆளாக அவரை எடுத்தார்கள், கான்சஸ் சிட்டிக்காக ஆடினார். அதே ஆளை, அதே வருஷம், என்எஃப்எல் டிராஃப்டில் நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்தது எத்தனையாவது சுற்றில் தெரியுமா? 19வது சுற்று. ஆள் ஒன்றுதான், உடம்பு ஒன்றுதான், ஆட்டம் ஒன்றுதான். புக்கானன் கடைசியில் ஹால் ஆஃப் ஃபேமில் (ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியல்) இருக்கிறார். வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் என்று கிராம்ப்ளிங்கிலிருந்தே இன்னும் மூன்று பேர் ராபின்சனின் பையன்களாக அங்கே இருக்கிறார்கள். சின்ன டீம்களோடு ஆடிப் பழகியவர்களாம்!

கலா அட்லாண்டா:

நடுவில் நுழைகிறேன். எண் சண்டையில் நீங்கள் ரெண்டு பேரும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள்: குவார்ட்டர்பேக்.

ரஸ்டன்வாசிக்காகச் சுருக்கமாக. ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் பந்து முதலில் போவது குவார்ட்டர்பேக் கைக்கு. எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று மூன்று நான்கு நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். டீமுக்கே மூளை அந்த இடம். அதனாலேயே அந்த இடத்தில் கறுப்பினத்தவரை நிறுத்த அமெரிக்காவுக்கு மனசு வரவில்லை. கல்லூரியில் பிரமாதமாக எறிந்த பையன்களை என்எஃப்எல்லில் எடுத்த கையோடு 'நீ நல்லா ஓடுற, ரிசீவராக ஆடு' என்று மாற்றிவிடுவார்கள். யாரும் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ராபின்சன் இதை ஒரு திட்டம் போட்டு உடைத்தார் என்பதுதான் என் அபிப்பிராயம். 408ல் பாதியை எடுத்துவிட்டாலும் எனக்கு இது போதும். மன்ரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற உயரமான பையனைப் பிடித்தார். அதுவரை அவர் நம்பியிருந்தது ஓட்டத்தை முக்கியமாக வைத்த விங்-டி முறை. என்எஃப்எல்லில் குவார்ட்டர்பேக் பின்னால் நின்று தூரமாக எறிய வேண்டும், அதனால் ஹாரிஸை அந்த மாதிரியே எறியவைத்துப் பழக்கினார், வேண்டுமென்றே. 'உன்னால் முடியாது, இடம் மாற்றிக்கொள்' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சாக்குகூட மிச்சம் வைக்கக் கூடாது என்பது கணக்கு. 1969ல் பஃபலோ பில்ஸ் ஹாரிஸை எட்டாவது சுற்றில்தான் எடுத்தது. எட்டாவது சுற்று என்றதும் ஹாரிஸுக்கு மனசு விட்டுப்போய்விட்டது. போ, ஆனால் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளாதே என்று அனுப்பி வைத்தவர் ராபின்சன். அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். 1974ல் ராம்ஸுக்காக பிளேஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்அவுட்) ஆட்டத்தில் இறங்கி ஜெயித்தார். ஒரு கறுப்பின குவார்ட்டர்பேக் அதைச் செய்தது அதுதான் முதல் முறை.

அடுத்து டக் வில்லியம்ஸ். சாக்கரி என்ற லூசியானா ஊர்க்காரர். 1977ல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் டிராஃபி ஓட்டில் நாலாவதாக வந்தார், ஒரு கறுப்பினக் கல்லூரிப் பையனுக்கு அது சாதாரணம் இல்லை. டாம்பா பே 1978ல் முதல் சுற்றிலேயே எடுத்தது. அங்கே சம்பளத்தில் மட்டம் தட்டியதும், கோபித்துக்கொண்டு வேறு லீகுக்குப் போனதும், அந்த லீகே இழுத்து மூடப்பட்டதும் தனிக் கதை. கடைசியில் வாஷிங்டனில் ரிசர்வ் ஆளாக உட்கார்ந்திருந்தவர், சீசன் கடைசியில் இடம் பிடித்து, 1988 ஜனவரி 31ல் சான் டியாகோவில் சூப்பர் பவுலில் (என்எஃப்எல் இறுதிப் போட்டி) இறங்கினார். முதல் கால்வாசியில் டென்வர் 10-0 என்று மேலே. வில்லியம்ஸுக்கு முழங்கால் மடங்கி வலி, நொண்டிக்கொண்டு வெளியே போனார், திரும்பி வந்தார். இரண்டாவது கால்வாசி ஒன்றில் மட்டும் வாஷிங்டன் 35 பாயிண்ட், அதில் நாலு டச்டவுன் பாஸ் இவர் எறிந்தவை. 42-10ல் ஜெயித்து ஆட்டநாயகன் விருதும் வாங்கினார். ஒரு கறுப்பின குவார்ட்டர்பேக் சூப்பர் பவுலில் முதலில் இறங்கியதும் அன்றுதான், ஜெயித்ததும் அன்றுதான். அந்த ஆட்டத்தைப் பார்க்க ராபின்சனும் வந்திருந்தார். 1949ல் யங்கரை வழியனுப்பியவர் அன்று என்ன நினைத்திருப்பார்!

இன்று என்எஃப்எல்லில் கறுப்பின குவார்ட்டர்பேக் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அந்த அளவுக்கு சகஜம்.

ஸ்கோர்போர்டு சிவா:

புக்கானன் 19வது சுற்று விஷயம் எனக்குப் புதிது, அது வலுவான பாயிண்ட். கலா சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி முழுசாகப் போய்விடவில்லை. 1970க்கு அப்புறம் பெரிய கல்லூரிகள் கதவைத் திறந்துவிட்டன. நல்ல பையன்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த வெற்றிகள் இரண்டு பக்கமும் வற்றிப்போன களத்தில் வந்தவை. இதை யாராவது நேர்மையாகப் பேசலாமே?

மன்ரோ மணி:

பேசலாம். எனக்கு இந்தக் கதையிலேயே கசப்பான பகுதி இதுதான். நிறப் பிரிவினை இருந்தவரைக்கும் தெற்கில் இருந்த கறுப்பினப் பையன்களில் பெரும் பகுதி கிராம்ப்ளிங், சதர்ன், ஜாக்சன் ஸ்டேட் மாதிரி இடங்களுக்கு வந்தார்கள், வேறு போக்கிடம் கிடையாது. ராபின்சன் எந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாரோ அது திறந்ததும் முதலில் வெளியே போனது அவருடைய பையன்கள்தான். எல்எஸ்யூவின் பணம், ஜிம், டிவி வெளிச்சம் இவற்றோடு கிராம்ப்ளிங் எப்படிப் போட்டி போடும்? அதைப் பற்றி அவர் புலம்பித் திரியவில்லை. அமெரிக்காவைப் பற்றிக் குறை பேசாதவர் என்று 1960களில் சில இளைஞர்களுக்கு அவர்மேல் வருத்தமே உண்டு. எனக்கும் அவர் கொஞ்சம் அதிகமாகவே பொறுத்துப் போனார் என்று தோன்றும். ஆனால் ரொட்டி கட்டி பஸ் ஏற்றிய ஆளுக்கு, நான் சோபாவில் உட்கார்ந்து என்ன சொல்லித் தருவது.

ஆனால் அதே காலத்தில்தான் கிராம்ப்ளிங் நாடு முழுக்கத் தெரிய வந்தது. இதில் காலி நிக்கல்சன் என்ற ஒருவருக்குப் பெரிய பங்கு, கல்லூரியின் விளையாட்டுச் செய்தி ஆபீசர், போரில் மரீன் படை நிருபராக இருந்தவர். கறுப்பினப் பத்திரிகைகளுக்கு வாராவாரம் கிராம்ப்ளிங் செய்தியை எழுதித் தள்ளி, ஆயிரம் மைல் தள்ளி இருப்பவர்களையும் ரசிகர்கள் ஆக்கினார். சின்ன ஊரில் ஆடினால் கூட்டம் வராது, ஆகவே டீமையே கூட்டம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று 1968ல் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் மார்கன் ஸ்டேட்டோடு ஆட்டம். 1976ல் அதே மார்கன் ஸ்டேட்டோடு டோக்கியோவில்! 1974ல் சதர்ன் யூனிவர்சிட்டியோடு வருஷாவருஷம் ஆடும் ஆட்டத்தை நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றி பேயூ கிளாசிக் என்று பேர் வைத்தார்கள். முதல் வருஷமே 76,000 பேருக்கு மேல். அப்புறம் சூப்பர்டோமுக்குப் போய், இன்றைக்கும் தாங்க்ஸ்கிவிங் வாரக் கடைசியில் நடக்கிறது.

கலா அட்லாண்டா:

ஆட்டத்துக்கு வெளியே நடந்தது பற்றியும் ஒன்று. என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் அப்பா கிராம்ப்ளிங்கில் இவரிடம் ஆடியவர். அவர் வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதே குறைவாம், காலையில் அடிக்கும் மணியைப் பற்றித்தான் சொல்வாராம். காலை ஆறரைக்கு ராபின்சன் கையில் மாட்டு மணியோடு ஹாஸ்டலுக்கு வந்துவிடுவார். வராந்தா முழுக்க ஆட்டிக்கொண்டே நடப்பார். எழுந்து, சாப்பிட்டு, வகுப்புக்குப் போக வேண்டும். முந்தின நாள் ஜெயித்தாயா தோற்றாயா என்ற கேள்வியே கிடையாது. வெளியூர் போகும்போது கோட்டும் டையும் கட்டாயம். டை கட்டத் தெரியாதவனுக்கு அவரே கட்டிவிடுவார். எந்த ஃபோர்க்கை எதற்கு எடுப்பது, பேட்டி எடுப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று உட்காரவைத்துச் சொல்லித் தந்திருக்கிறார். நாளைக்கு இந்தப் பையன்கள் போகிற இடத்தில் ஒவ்வொரு சின்னத் தப்பையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இதில் எனக்கு ஒரு சின்ன உறுத்தலும் உண்டு. வெள்ளைக்காரன் மெச்ச வேண்டும் என்று இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று. என் சக ஊழியரிடம் கேட்டேன், 'எங்க அப்பாவுக்கு அப்போது வேறு வழி இருந்ததா' என்று திருப்பிக் கேட்டார்.

ரஸ்டன்வாசி:

அடேயப்பா. இத்தனை வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி மிச்சம். 1997ல் அவருக்கு 78 வயசு. கடைசி வரை பிடிவாதமாக இருந்தாரா, இல்லை அனுப்பிவிட்டார்களா? ஆபீஸ் அம்மாவிடம் கேட்டதற்கு முகம் மாறிவிட்டது, அதற்கு மேல் கேட்கவில்லை.

மன்ரோ மணி:

கேட்காமல் விட்டது நல்லது தம்பி. கடைசி வருஷங்கள் நன்றாக இல்லை. 1996ல் 3 வெற்றி 8 தோல்வி. டீம் பையன்கள் சிலர்மேல் கடுமையான குற்றச்சாட்டு, அது போதாதென்று விதிமீறல் விசாரணை வேறு. அந்த வருஷமே அவரை அனுப்பிவிடலாம் என்று கல்லூரித் தரப்பில் பேச்சு கிளம்பியது. வெளியே தெரிந்ததும் நாடு முழுக்க எதிர்ப்பு, இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார்கள். அந்த 1997ம் 3-8தான். போகிற ஊரிலெல்லாம் விழா எடுத்து நினைவுப் பரிசு கொடுத்தார்கள், ஆட்டம் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. கடைசி ஆட்டம் பேயூ கிளாசிக், சதர்னிடம் 30-7 தோல்வி. நான் சொல்வேன், ஐந்து வருஷம் முன்னாலேயே யாராவது அவரை மரியாதையாக உட்காரவைத்திருக்க வேண்டும். அவருக்கும் அது தெரியவில்லை, சுற்றி இருந்தவர்களுக்கும் தைரியம் வரவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர் டக் வில்லியம்ஸேதான்.

பின்னாடி அல்சைமர் வந்துவிட்டது. ஒவ்வொரு பையனின் பெயரும் ஊரும் ஞாபகம் வைத்திருந்த மனிதர். 2007 ஏப்ரல் 3ல் உங்கள் ரஸ்டனில்தான் காலமானார், வயசு 88. உடலை பேட்டன் ரூஜில் மாநில சட்டசபைக் கட்டிடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். மணிக்கு 25 சென்ட்டுக்குத் தீவன மூட்டையோடு மல்லுக்கட்டிய அதே ஊர். டோரிஸ் அம்மா கடைசி வரை கூடவே இருந்தார். ஒரே வேலை, ஒரே மனைவி என்று இவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது உண்டு.

ஸ்கோர்போர்டு சிவா:

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013ல் அதே கிராம்ப்ளிங் பையன்கள் ஒரு ஆட்டத்துக்கே போக மாட்டோம் என்று நின்றார்கள். பூஞ்சை பிடித்த அறைகள், ஆட்டத்துக்கு ஆட்டம் மணிக்கணக்காக பஸ் பயணம் என்று புகார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் டக் வில்லியம்ஸையே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். மாநில அரசு கல்லூரிகளுக்குக் கொடுக்கும் பணத்தை வெட்டிக்கொண்டே போன காலம் அது. ஸ்டேடியத்துக்கு அவர் பெயரை வைப்பது சுலபம், அந்த ஸ்டேடியத்தில் ஆடும் பையனுக்குச் செலவு செய்வதுதான் கஷ்டம். என் ஆரம்பக் கேள்வியைவிட இது எனக்கு இப்போது அதிகமாக உறுத்துகிறது.

ரஸ்டன்வாசி:

இந்த வாரம் மியூசியத்துக்குப் போகிறேன். அப்படியே பேயூ கிளாசிக்குக்கும் போகலாமா என்று ரூம்மேட்டோடு பேசிக்கொண்டிருக்கிறேன், அவனுக்கு ஆட்டம் சுத்தமாகத் தெரியாது. போனால் போரடிக்குமா?

மன்ரோ மணி:

மியூசியத்துக்கு ஒரு போன் போட்டு, திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். நியூ ஆர்லியன்ஸ் நாலரை மணி நேர டிரைவ், தாங்க்ஸ்கிவிங் டிராஃபிக்கில் அதற்கு மேலும் ஆகும், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஆட்டம் தெரியாத ரூம்மேட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இடைவேளையில் ரெண்டு கல்லூரி பேண்டும் இறங்கும், கிராம்ப்ளிங் பேண்ட் 1967ல் முதல் சூப்பர் பவுலிலேயே வாசித்தது. பாதி ஜனம் டிக்கெட் வாங்குவதே அதற்குத்தான். ஆகவே பாப்கார்ன், பாத்ரூம் எல்லாவற்றையும் இரண்டாவது கால்வாசி ஓடும்போதே முடித்துவிடுங்கள்.

கலா அட்லாண்டா:

சதர்ன் பேண்டுதான் ஒருபடி மேல் என்று சொல்பவர்களும் உண்டு. அதை மட்டும் அந்த ஆபீஸ் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் கையெழுத்தே கிடைக்காது.